கவரைப்பேட்டை: வேலையின் முதல் நாள் எங்கே தொடங்குகிறது?

சென்ட்ரல் மூர் மார்க்கெட் வளாகத்தில் கும்மிடிப்பூண்டி லோக்கல் புறப்பட இன்னும் நான்கு நிமிடம். அக்கா ஜன்னலோர சீட்டைப் பிடித்து, எனக்காகப் பக்கத்து சீட்டில் பையைப் போட்டு வைத்திருந்தாள். நான் ஓர் ஊரைப் பற்றி எழுதப் போகிறேன். அவள் ஒரு முடிவெடுக்கப் போகிறாள்.

அக்கா வேலை பார்ப்பது பெரிய நிறுவனம் ஒன்றில். சில ஊர்களில் ஆபீஸ், சில ஊர்களில் தொழிற்சாலை என்று ஆயிரக்கணக்கில் ஆட்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் ஐந்து நாள் நடக்கும் 'இண்டக்‌ஷன்' பயிற்சியைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் இருக்கிறாள். கம்பெனி என்ன செய்கிறது, லீவு எப்படிப் போடுவது, பி.எஃப். எப்படி, பாதுகாப்பு விதிகள் என்ன என்று சொல்லிக் கொடுக்கும் அறிமுகப் பயிற்சி அது. "இந்த அஞ்சு நாளையும் முழுசா ஆன்லைனுக்கு மாத்திடலாமா? திங்கட்கிழமை உங்க கருத்தைச் சொல்லுங்க" என்று மேலிடம் கேட்டிருக்கிறது. இன்று சனிக்கிழமை.

"அதுக்கு எதுக்குக்கா கவரைப்பேட்டை?" என்றேன்.

"நான் படிச்ச ஊருடி. வேலைக்குச் சேர்ந்தப்ப எனக்கு என்ன தெரிஞ்சுது, என்ன தெரியலைன்னு அங்க போய் உக்காந்து யோசிக்கணும். அடுத்த ஸ்டேஷன்ல இறங்கினா சிப்காட். அதையும் பார்த்துட்டு வந்துடலாம்."

வண்டி கிளம்பியது.

லஞ்ச் பையும் ஐ.டி. கார்டும்

இந்த ரூட்டில் போயிருக்கிறீர்களா? கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று வடசென்னையை உரசிக்கொண்டே போகும். அத்திப்பட்டு பக்கம் வந்தால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். மீஞ்சூர் தாண்டினால் காற்று மாறும், வயல் வரும். பொன்னேரியில் பாதி ரயில் காலியாகும். பிறகு ஆரணி ஆறு. அதற்கடுத்து கவரைப்பேட்டை. சென்ட்ரலிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான். ஆனால், வேறு ஒரு மாவட்டத்துக்குள் வந்துவிட்டது நன்றாகவே தெரியும்.

காலை ரயிலில் யார் எங்கே இறங்குவார் என்று காலைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பாள் அக்கா. முன்பக்கம் இரும்பு வைத்த கனமான ஷூ என்றால் கும்மிடிப்பூண்டி சிப்காட். கழுத்தில் ஐ.டி. கார்டும் தோளில் லேப்டாப் பையும் என்றால் கல்லூரி. கையில் தேங்காய், பூ வைத்த கூடை என்றால் சிறுவாபுரி முருகன் கோயில். சொந்த வீடு வேண்டி ஆறு செவ்வாய்க்கிழமை சிறுவாபுரிக்கு நடக்கிறவர்கள் எல்லோர் வீட்டிலும் ஒருவராவது இருப்பார்கள்.

கவரைப்பேட்டையை ஊர் என்பதா, ஜங்ஷன் என்பதா என்று குழப்பம் வரும். கொல்கத்தா வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 16 ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. இன்னொரு சாலை சத்தியவேடு பக்கம் ஆந்திராவுக்குள் பிரிகிறது. ஆர்.எம்.கே. பொறியியல் கல்லூரி 1995-ல் இங்கே வந்தது. அதற்குப் பிறகு பக்கத்திலேயே வேறு கல்லூரிகளும் வந்தன. வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகள், கம்பி ஆலைகள், ரசாயனம், வாகன உதிரிபாகம். ஆக, வேலைக்குத் தயாராகிறவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் ஒரே பிளாட்ஃபாரத்தில் இறங்கி ஏறும் ஊர் இது.

டீக்கடையில் கிடைத்த பாடம்

ஸ்டேஷனுக்கு வெளியே டீ சொன்னோம். கடையில் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேச்சு தானாகவே 2024 அக்டோபர் 11-க்குப் போனது. அன்று இரவு மைசூரு – தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ், இந்த ஸ்டேஷனில் நின்றிருந்த சரக்கு ரயில் மீது மோதியது. பெட்டிகள் தடம் புரண்டன, பலர் காயமடைந்தார்கள். யாரும் இறக்கவில்லை. "ஊர்ல இருந்த பசங்க எல்லாம் டார்ச்சை எடுத்துட்டு ஓடினாங்க. பாஷை தெரியாத ஜனம். தண்ணி கொடுத்து, கல்யாண மண்டபத்துல உக்கார வெச்சாங்க" என்றார்.

அக்கா அவரிடம் வேறொன்று கேட்டாள். "ஐயா, புதுசா வர்ற டிரைவருக்கு இந்த லைன் எப்படிப் பழகும்?"

பெரியவர் பேப்பரை மடித்து வைத்தார். "பயிற்சிப் பள்ளி இருக்கும்மா. புக்கு இருக்கு, விதி இருக்கு. இப்ப சிமுலேட்டர்னு ரயில் மாதிரியே மிஷினும் இருக்கு. எல்லாம் முடிச்சிட்டு வந்தாலும் உடனே தனியா வண்டியைக் கொடுத்துட மாட்டாங்க. 'ரோடு லேர்னிங்'னு ஒண்ணு உண்டு. ஓட்டத் தெரிஞ்ச டிரைவர் கூட இன்ஜின்ல ஏறி, இந்த செக்‌ஷன்ல போய்ட்டுப் போய்ட்டு வரணும். பகல்லயும் போகணும், ராத்திரியிலயும் போகணும். எந்த வளைவுல சிக்னல் மறையும், எங்க ஏத்தம், எங்க மாடு குறுக்க வரும், எல்லாம் பார்க்கணும். பார்த்துட்டேன்னு கையெழுத்துப் போடணும். அப்புறம்தான் வண்டி."

"அனுபவம் இருக்கிற டிரைவரா இருந்தாலும் அப்படித்தானா?"

"முப்பது வருஷம் ஓட்டினவரா இருந்தாலும், புது லைனுக்கு அவரும் புதுசுதானேம்மா."

அக்கா போனை எடுத்து அந்த வரியைக் குறித்துக்கொண்டாள்.

கூரியரில் வந்த வேலை

கல்லூரிச் சாலையில் நடந்தோம். நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டே இருந்ததால், அக்கா கொஞ்சம் சத்தமாகவே பேச வேண்டியிருந்தது.

இறுதியாண்டு படிக்கும்போதே கேம்பஸ் இன்டர்வியூவில் அவளுக்கு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. அப்போதெல்லாம் சீனியர்கள் 'டிரெயினிங்' என்று சொன்னாலே கண் விரியும். மைசூரில் இன்ஃபோசிஸ் நிறுவனம் வைத்திருக்கும் பயிற்சி வளாகத்தைப் பற்றி எல்லா பொறியியல் கல்லூரி கேன்டீனிலும் கதை உண்டு. ஒரே நேரத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் தங்கிப் படிக்கும் இடம் அது. 2009-ல் அங்கே இரண்டாவது பயிற்சி மையத்தைத் திறந்தார்கள். வேலைக்கு முன் சில மாதம் இன்னொரு ஹாஸ்டல் வாழ்க்கை. அக்காவுக்கு வேலை கிடைத்தது வேறு கம்பெனியில்தான். ஆனால் ஆசை அதேதான்: ஒரு சூட்கேஸ், ஒரு புது ஊர்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. இந்த லோக்கல் ரயிலும் நின்றது. மைசூரில் இருந்த பயிற்சியாளர்களும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். நாடு முழுவதும் பெரிய கம்பெனிகள் சில வாரங்களில் எல்லாவற்றையும் ஆன்லைனுக்கு மாற்றின. அப்போது நான்கு லட்சத்துக்கும் மேல் ஊழியர்களை வைத்திருந்த டி.சி.எஸ்., 2025-க்குள் 25 சதவிகிதம் பேர் ஆபீஸ் வந்தால் போதும் என்கிற திட்டத்தையே அறிவித்தது.

அக்காவின் வேலை கூரியரில் வந்தது. ஒரு அட்டைப் பெட்டி, அதில் லேப்டாப், சார்ஜர், ஒரு வாழ்த்துக் கடிதம். அந்தப் பெட்டியை அம்மா இன்னமும் பரண் மேல் வைத்திருக்கிறாள்.

"முதல் நாள் முந்நூறு பேருக்கு மேல ஒரே மீட்டிங்ல. எல்லாரும் மியூட். நான் புது சுடிதார் போட்டுட்டு உக்காந்தேன். கேமராவை ஆஃப் பண்ணச் சொல்லிட்டாங்க, நெட் தாங்காதுன்னு. பின்னாடி குக்கர் விசில். அதுதான் என் முதல் நாள்" என்றாள்.

எட்டு வாரப் பயிற்சி. வீடியோ பார்த்தாள், க்விஸ் எழுதினாள், நல்ல மார்க் வாங்கினாள். பிறகு புராஜெக்ட்டில் போட்டார்கள். இரண்டாவது வாரத்தில் அவளுடைய லாகின் வேலை செய்யவில்லை. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. உதவிக்கான பக்கம் ஒன்று இருந்தது. அதைத் திறக்கவும் லாகின் வேண்டும்! மேனேஜருக்கு போன் செய்யலாம்தான். ஆனால் ஒரு முறைகூட முகம் பார்க்காத மனிதரிடம் 'எனக்குத் தெரியவில்லை' என்று எப்படித் தொடங்குவது? இரண்டு நாள் லேப்டாப் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் "ஏன் வேலை நகரவில்லை?" என்று மெயில் வந்தது. அன்று இரவு அவள் பாத்ரூமில் அழுதது எனக்குத் தெரியும். நான் அப்போது ப்ளஸ் டூ. தலைவலி என்று அம்மாவிடம் சொன்னாள்.

"அதே பிரச்னை ஆபீஸ்ல வந்திருந்தா பக்கத்து சீட்ல கேட்டிருப்பேன். பத்து நிமிஷ வேலை. விதி எல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்துட்டாங்கடி. யாரைக் கேக்கணும்கிறதை மட்டும் சொல்லிக் கொடுக்கலை" என்றாள்.

"அப்ப வேண்டாம்னு எழுதிடு. முடிஞ்சுது" என்றேன்.

அவள் நின்றுவிட்டாள். "அப்படி எழுத முடியாது. என் கூடப் படிச்சவ ஒருத்தி. வீட்டுல வெளியூருக்கு அனுப்ப மாட்டேன்னு ஒத்தைக் கால்ல நின்னாங்க. ஆன்லைன் டிரெயினிங்னு சொன்னதாலதான் சேர விட்டாங்க. இன்னிக்கு அவ சம்பளத்துலதான் அந்த வீட்டுக்கு மாடி வந்துச்சு. அவகிட்ட போய் ஆன்லைன் தப்புன்னு சொல்வியா?"

என்னிடம் பதில் இல்லை.

பவானிசாகரும் கர்மயோகியும்

இது தனியார் கம்பெனிகளின் கதை மட்டுமல்ல. உங்கள் வீட்டில் யாராவது தமிழக அரசில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்திருந்தால், 'பவானிசாகர் போயாச்சா?' என்கிற கேள்வியைக் கேட்டிருப்பீர்கள். ஈரோடு மாவட்டம் பவானிசாகரில் இருக்கும் அரசுப் பணியாளர் பயிற்சி நிலையம் அது. அங்கே ஃபைல் எழுதக் கற்றதைவிட, வேறு மாவட்டத்து நண்பர்கள் கிடைத்ததைத்தான் பலரும் வருடங்கள் கழித்தும் சொல்வார்கள். எந்த ஊர் ஆபீஸில் சந்தேகம் வந்தாலும் ஒரு போன் போட ஆள் இருக்கும்.

மத்திய அரசு 2020 செப்டம்பரில் 'மிஷன் கர்மயோகி' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. ஏறத்தாழ 46 லட்சம் ஊழியர்களை மனதில் வைத்து, ஐந்து ஆண்டுகளுக்கு 510.86 கோடி ரூபாய் ஒதுக்கிய திட்டம். அதன் இணையதளம் ஐகாட். 2022 நவம்பர் 22-ல் சுமார் 71,000 பேருக்குப் பணி நியமனக் கடிதங்கள் வழங்கிய விழாவில், 'கர்மயோகி பிராரம்ப்' என்ற ஆன்லைன் அறிமுகப் பயிற்சியும் தொடங்கப்பட்டது. நடத்தை விதிகள், நேர்மை, ஊழியர் நலன், சலுகைகள் எல்லாம் அதில் பாடங்கள். 71,000 பேரை ஒரு ஊருக்கு வரவழைத்துச் சோறு போட்டு வகுப்பெடுக்க முடியுமா? முடியாது. ஆன்லைன் என்பதால்தான் எல்லோருக்கும் ஒரே பாடம் போய்ச் சேருகிறது. இதில் சந்தேகமே இல்லை.

ஆனால், இன்னொன்றும் நடந்தது. ஆட்கள் ஆபீஸ் வர வேண்டாம் என்று திட்டம் போட்ட அதே டி.சி.எஸ்., 2023 அக்டோபர் முதல் வாரம் ஐந்து நாளும் ஆபீஸ் வரச் சொன்னது. ஊரடங்கு காலத்தில் சேர்ந்த இளைஞர்கள், மூத்தவர்களோடு உட்கார்ந்து பழக வேண்டும் என்பதும் அப்போது கம்பெனிகள் சொன்ன காரணங்களில் ஒன்று.

நெக்ஸ்ட்... நெக்ஸ்ட்... நெக்ஸ்ட்

மதியத்துக்கு முன் பஸ் பிடித்து கும்மிடிப்பூண்டி சிப்காட் போனோம். சாலை முழுக்க லாரிகள், சூடான இரும்பின் வாசனை. பெயர்ப்பலகைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்க, டீக்கடைகளில் இந்தியும் ஒடியாவும் கேட்டன.

ஒரு கடையில் ஒப்பந்தத் தொழிலாளர்களை மேய்க்கும் சூப்பர்வைசர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். அவர் வேலை பார்க்கும் ஆலையிலும் பாதுகாப்புப் பயிற்சி இப்போது வீடியோவில்தான் நடக்கிறதாம். "முன்னாடி ஒரு சார் வந்து மணிக்கணக்கா பேசுவாரு. பசங்க தூங்குவாங்க. இப்ப போன்லயே வருது. இந்தியில போட்டுக்கலாம், திரும்பப் பார்க்கலாம். அது நல்லதுதான்" என்றார்.

பக்கத்தில் இருந்த பையனைக் கூப்பிட்டார். பீகாரிலிருந்து வந்து இரண்டு வாரம் ஆகிறதாம். அரைகுறைத் தமிழில் சிரித்துக்கொண்டே சொன்னான். "வீடியோ பார்த்தேன்க்கா. நெக்ஸ்ட்... நெக்ஸ்ட்... நெக்ஸ்ட். பாஸ்!" கட்டை விரலால் காற்றில் தள்ளிக் காட்டினான். எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை.

"லாக்-அவுட் தெரியுமா தம்பி?" என்றாள்.

மெஷினை ரிப்பேர் செய்யும்போது செய்ய வேண்டியது அது. மின்சாரத்தை நிறுத்த வேண்டும். சுவிட்சில் தன் சொந்தப் பூட்டைப் போட வேண்டும். பெயர் எழுதிய அட்டையை மாட்ட வேண்டும். சாவி தன் பாக்கெட்டில் இருக்க வேண்டும். பிறகு மெஷினை ஒருமுறை ஓட்டிப் பார்த்து, ஓடவில்லை என்று உறுதிசெய்த பிறகே கையை உள்ளே விட வேண்டும். இதில் ஒரு படி தவறினாலும், யாரோ ஒருவர் தெரியாமல் சுவிட்சைப் போட்டால் கை போய்விடும்.

பையன் படிகளை வரிசையாகச் சொன்னான். சரியாகத்தான் சொன்னான். "பூட்டு எங்க?" என்றாள் அக்கா. அவன் சூப்பர்வைசரைப் பார்த்தான். அவனுக்கு இன்னும் பூட்டு தரவில்லை.

சூப்பர்வைசர் முகம் மாறியது. "திங்கட்கிழமை வாங்கித் தர்றேன்மா. நானே கூட நின்னு காட்டறேன்" என்றார்.

திரும்பி நடக்கும்போது அக்கா ஒரு விஷயம் சொன்னாள். 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-ல் 111ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். போபால் விஷவாயுக் கசிவு நடந்து மூன்று ஆண்டுகள் கழித்து வந்த திருத்தம். உடல்நலம், பாதுகாப்பு பற்றிய பயிற்சியைப் பெறுவது தொழிலாளியின் உரிமை என்றது அது. எங்கே பெறுவது? இயன்றவரை தொழிற்சாலைக்கு உள்ளேயே. "வீடியோ வராத காலத்துல எழுதினதுதான். ஆனா 'உள்ளேயே'ன்னு எழுதினவங்களுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு" என்றாள்.

கேட் எந்தப் பக்கம்?

கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறப் போகும் வழியில், ஒரு பையன் கையில் ஃபைலோடு குழம்பி நின்றிருந்தான். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டுமாம். இன்றே இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்ள திருத்தணி பக்கமிருந்து வந்திருக்கிறான். வாட்ஸ்அப்பில் அவனுக்கு எல்லாம் வந்திருந்தது. ஆஃபர் லெட்டர், பேங்க் படிவம், 12 இலக்க பி.எஃப். எண், ஒரு வரவேற்பு வீடியோ. 'கேட் 2-க்கு வரவும்' என்றும் இருந்தது. மேப் அவனைக் கொண்டுவந்து விட்டது கேட் 1-ல். அங்கே செக்யூரிட்டி கையை நீட்டியது எந்தப் பக்கம் என்று அவனுக்குப் புரியவில்லை.

பூ விற்கும் அம்மா ஒருவர்தான் வழி சொன்னார். "அந்த சந்துல போய் சோத்தாங்கைப் பக்கம் திரும்பு. எட்டு மணின்னா ஏழே முக்காலுக்கே வந்துடு, லைன்ல நிக்கணும். செருப்போட வந்தா உள்ள விட மாட்டாங்க, ஷூ வெச்சிருக்கியா?" அவன் இல்லை என்று தலையாட்டினான். "பஸ் ஸ்டாண்டாண்ட கடை இருக்கு, இன்னிக்கே வாங்கிடு. திங்கக்கிழமை காலையில திறக்க மாட்டான்."

அவன் நிறுவனம் அனுப்பிய எந்த மெசேஜிலும் இல்லாத மூன்று தகவல்கள்.

பிளாட்ஃபாரத்தில் உட்கார்ந்து அக்கா போனிலேயே எழுத ஆரம்பித்தாள். நான் எட்டிப் பார்த்தேன். ஆன்லைன் வேண்டும் என்றுதான் முதல் வரி. லீவு விதி, சம்பளச் சீட்டு, பி.எஃப்., காப்பீடு, கம்பெனி வரலாறு எல்லாம் போனுக்குப் போகலாம். தமிழில், இந்தியில், ஒடியாவில், எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பார்க்கும்படி. இதனால் ஐந்து நாளில் மூன்று நாள் மிச்சமாகும்.

அடுத்த வரி: மிச்சமாகும் நாளில் ஒன்றைத் திருப்பிக் கொடுங்கள். மெஷின் பக்கம் போகிற யாரையும், பூட்டைக் கையில் கொடுத்து, செய்யவைத்துப் பார்க்காமல் அனுப்பக் கூடாது. பாலியல் தொந்தரவு தடுப்புச் சட்டம் 2013-லிருந்து இருக்கிறது, அதற்கான வீடியோவும் இருக்கட்டும். ஆனால் உள் புகார் குழுவில் இருப்பவர் நேரில் வந்து, 'நான்தான், என்னிடம் வரலாம்' என்று ஒருமுறை முகம் காட்ட வேண்டும்.

கடைசி வரிதான் அவள் பாத்ரூமில் அழுத இரவின் வரி என்று நினைக்கிறேன். புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும், முதல் 90 நாளைக்கு, ஒரு மனிதரின் பெயரும் போன் நம்பரும் தர வேண்டும். ஹெல்ப்லைன் நம்பர் வேண்டாம், ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் வேலை நேரத்தில் அதற்கு இடம் ஒதுக்க வேண்டும்.

"ஒத்துக்குவாங்களாக்கா?"

"முதல் ரெண்டு வரியைச் சந்தோஷமா ஒத்துக்குவாங்க. கடைசி வரிக்குச் செலவு எவ்வளவுன்னு கேப்பாங்க."

"என்ன சொல்வ?"

"ரெண்டு நாள் ஒருத்தி சும்மா உக்காந்திருந்த சம்பளத்தைக் கணக்குப் போட்டுச் சொல்வேன்."

ரயில் வந்தது. ஏறி உட்கார்ந்ததும் வண்டி கவரைப்பேட்டையில் நின்றது. கல்லூரிப் பசங்க கும்பலாக ஏறினார்கள். இறுதியாண்டு போல. யாருக்கு எந்தக் கம்பெனியில் கிடைத்திருக்கிறது, யாருக்கு ஜாயினிங் தேதி இன்னும் வரவில்லை என்று ஒரே சத்தம். அக்கா போனை மூடி வைத்துவிட்டு, பொன்னேரி வரை அவர்கள் பேச்சையே கேட்டுக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை காலை மெயிலை அனுப்பிவிட்டாள். இதை எழுதும் வரை பதில் வரவில்லை.